திருவில்லிபுத்தூர் மலைக்காடுகளின் பாதுகாப்பு

திருவில்லிபுத்தூர் மலைக்காடுகள் என்பவை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், விருதுநகர், மதுரை மாவட்டங்களின் மேற்கு எல்லையில் அமைந்துள்ள காடுகள் ஆகும். இவை 1988 ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் மேகமலைக் காடுகளுடன் இணைக்கப்பட்டு, இந்தியாவின் 51 ஆவது புலிகள் காப்பகம் ஆயின. காப்பகத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். தென்மேற்கில் இது கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகத்தைத் தொட்டு நிற்கிறது.

வறண்ட நிலமும் மலையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் இம்மலையிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவில் உள்ள வானம் பார்த்த பூமி. ஆயினும் இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருச்சுழி திருமேனிநாதர் கோயிலை ஒட்டி ஓடும் குண்டாறு, சாப்டூர் அருகே இம்மலையின் கிழக்குச் சரிவில் தோன்றி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இவ்வாற்றில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் நீரே வழியிலுள்ள கண்மாய்களை நிரப்ப வேண்டும்.

காடு மழையை உண்டாக்கித் தருகிறது என்பதைவிட, பெய்த மழையைப் பிடித்து வைக்கிறது என்பதே இங்கு முக்கியமானது. மரக்கவிகையும் இலைச்சருகும் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. வேர்கள் மண்ணை இளக்கி நீரை உள்ளிறங்கச் செய்கின்றன. சரிவு மொட்டையானால் அதே மழை சில மணி நேரத்தில் வெள்ளமாக இறங்கி, மேல்மண்ணையும் அடித்து வந்து கண்மாய்களில் வண்டலாகச் சேர்க்கும். கண்மாயின் கொள்ளளவு குறைந்தால், நல்ல மழை பெய்த ஆண்டிலும் கோடைக்கு நீர் மிஞ்சாது. இராசபாளையம் நகரின் குடிநீருக்கான ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், வத்திராயிருப்புப் பகுதியின் பிளவக்கல் அணைகளும் இம்மலை நீரையே நம்பியுள்ளன. வைகை ஆறும் இக்காப்பகத்திற்கு உட்பட்ட மலைகளிலேயே பிறக்கிறது.

சாம்பல் நிற அணில்

இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுகிறது. தரையில் இறங்குவதைத் தவிர்த்து மரத்திற்கு மரம் தாவிச் செல்வதால், கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தொடர்ச்சியான காடு இதற்குத் தேவை. இடையில் நாலைந்து மரங்கள் வெட்டப்பட்டாலும் வழி அறுந்துவிடும். செண்பகத்தோப்பு போன்ற அடிவாரப் பகுதிகளில் தனியார் மா, தென்னந்தோப்புகளையும் இவை பயன்படுத்துகின்றன. எனவே சரணாலய எல்லைக்குள் மட்டும் காவல் போட்டு இவ்வுயிரினத்தைக் காத்துவிட முடியாது. தோப்பு உரிமையாளரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

மக்கள் நெருக்கம்

அடிவாரத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களும் பல சிற்றூர்களும் உள்ளன. விறகு, மேய்ச்சல், காட்டுத்தீ ஆகியவை நெடுங்காலச் சிக்கல்கள். 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மலைமாடு வளர்ப்போருக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. மலையில் வாழும் பளியர் பழங்குடியினரின் உரிமைகளோ 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் வருவன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி நாட்களில், சிறப்பாக ஆடி அமாவாசையன்று, பெருங்கூட்டம் தாணிப்பாறை வழியாக மலையேறுகிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்து மக்களும் இதில் அடங்குவர். 2015 மே மாதம் ஓடைகளில் திடீர் வெள்ளம் ஏற்பட்டு பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே மலையேற்றம் அனுமதிக்கப்பட்டது. பக்தர்கள் விட்டுச்செல்லும் நெகிழிக் குப்பை தனிச் சிக்கலாகும்.

புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட அதே 2021 பெப்ரவரியில், காவிரி நீரைக் குண்டாறு வரை கொண்டுவரும் இணைப்புக் கால்வாய்த் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திருச்சுழிப் பகுதியில் கால்வாய் பற்றிப் பேசப்படும் அளவிற்கு, குண்டாறு பிறக்கும் சாப்டூர்ச் சரிவு பற்றிப் பேசப்படுவதில்லை.