பேத்தமங்கலத்தில் ஒரு தூண்டில்

விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் தங்கவயல் தந்தையர்க்குப் பிள்ளைகளோடு அமர வாய்ப்பது ஞாயிறு ஒன்றே. அந்நாளுக்கு ஏற்ற, அதிகச் செலவில்லாத பொழுதுபோக்கொன்றை இம்மாதம் கூற விழைகிறோம். அது தூண்டிலிடுதல்.

முதலில் இடம். சயனைடு மேடுகளின் அடியில் தேங்கும் குட்டைகள் அருகில் இருப்பினும் அவை வேண்டா. பாறையை அரைத்து, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவே அம்மேடுகள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகளோ நின்றுவிட்டன, மழைதோறும் கரைகின்றன. "அங்கும் மீன் துள்ளுகிறதே!" என்பர் சிலர். மீன் உயிரோடிருப்பது நீர் தூயதென்பதற்குச் சான்றாகாது. கன உலோகங்கள் அதன் உடலில் ஓசையின்றிச் சேரக்கூடியவை.

செல்லத்தக்கது பேத்தமங்கலம் ஏரி. பாலாற்றைத் தேக்கிய நீர் அது. நம் பாட்டன்மார் லயன் வீடுகளில் குடித்ததும் அங்கிருந்து குழாய்வழி வந்த நீரே. வடார்க்காட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அது அயல் நீருமன்று. அப்பாலாறே கீழே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் செல்கிறது. ஏரிகளின் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுவதால், குத்தகைதாரரிடம் கேட்டு இசைவு பெற்ற பின்னரே தூண்டிலை எடுக்க வேண்டும்.

நேரான மூங்கில் கழி, அதன் நீளத்திற்குத் தங்கூசி நரம்பு, சிறு முள், ஒரு தக்கை. தொடங்குவோர்க்கு இவை போதும். கெண்டைக்குப் பிசைந்த மாவு, கெளுத்திக்கு மண்புழு. தக்கை இலேசாக நடுங்கியதும் இழுத்துவிடுவது எல்லாருக்கும் நேரும் பிழை. நாமும் முதல் நாள் முழுவதும் அவ்வாறே இழுத்து, வெறும் முள்ளையே கண்டோம்! ஜிலேபி முதலில் இரையைக் கொறித்துப் பார்க்கும். தக்கை அமிழ்ந்தோ, சாய்ந்து ஓடியோ செல்லும்போது மணிக்கட்டால் வெட்டியிழுக்க வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் முள் உண்டு. அதனைப் பெரியவரே கழற்றுக. கரைச்சேறு ஆளை உள்வாங்கும். பிள்ளைகள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கட்டும்.

ஒரு காட்சியை மட்டும் தவறவிடாதீர். மழைக்காலத்தில் கரையோரம் செந்நிறக் குஞ்சுகள் திரளாய் மேலெழுந்து, மூச்சு வாங்கி, மீண்டும் அமிழும். அவை விரால் குஞ்சுகள். அடியில் பெற்ற விரால் காவல் நிற்கும். தவளையோ தூண்டிலோ அருகே வந்தால் சினந்து பாயும். அதனால்தான் அவ்வேளையில் அதனைப் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டாலோ, அத்திரள் முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கே தூண்டிலைச் சுருட்டிவிட்டுப் பிள்ளையை அருகழைத்து, ஓசையின்றிக் காட்டுங்கள்.