பலெர்மோ: முடக்கத்தின் மனக்கணக்கு

தெற்கு இத்தாலியின் முதல் கொரோனா தொற்று பலெர்மோவில்தான் பதிவானது. 2020 பிப்ரவரி 25. வட இத்தாலியின் பெர்கமோவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணிக்கு. மார்ச் 10 முதல் மே 3 வரை, 55 நாள், நாடே முடங்கியது. இறந்தவர் எத்தனை, காலிப் படுக்கை எத்தனை என்று அரசு தினமும் கணக்குச் சொன்னது. மனம் பட்ட பாட்டின் கணக்கு மெதுவாகத்தான் வந்தது.

பாதிப்பு

2020 மார்ச் 27 முதல் ஏப்ரல் 6 வரை இத்தாலி முழுவதும் இணையத்தில் நடந்த ஓர் ஆய்வில் 18,147 பேர் பதிலளித்தார்கள்.

- பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள்: 37%
- மனப்பதற்றம்: 20.8%
- மனச்சோர்வு: 17.3%
- தூக்கமின்மை: 7.3%

ஒரே ஆள் இரண்டு மூன்று வரிகளிலும் இருக்கலாம் என்பதால் இவற்றைக் கூட்டக் கூடாது. பதில் சொன்னவர்களில் 79.6% பெண்கள், தாமாக முன்வந்தவர்கள். ஆகவே இதே விழுக்காட்டைப் பலெர்மோவின் மக்கள்தொகையோடு பெருக்குவதும் தவறு. ஆனால் யாருக்குப் பாதிப்பு கூடுதல் என்பதை ஆய்வு காட்டுகிறது: பெண்களுக்கு, இளவயதினருக்கு, வேலை நின்றுபோனவர்களுக்கு.

உலகக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. 2020இல் கூடுதலாக 5.32 கோடிப் பேருக்கு மனச்சோர்வு நோய், 7.62 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் என்று 2021இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மனச்சோர்வு பெண்களிடம் 29.8%, ஆண்களிடம் 24% உயர்ந்தது.

வருமானம்

மார்ச் கடைசி வாரத்தில் பலெர்மோவின் ஒரு பல்பொருள் அங்காடியில் சிலர் வண்டி நிறையச் சாமான் எடுத்துக்கொண்டு, கையில் காசில்லை என்று பணம் தராமல் வெளியேறப் பார்த்தார்கள். கடைகளுக்குப் போலீஸ் காவல் வந்தது. மார்ச் 28 அன்று, உணவுக் கூப்பன்களுக்காக நகராட்சிகளுக்கு 40 கோடி யூரோவைப் பிரதமர் கோன்தே அறிவித்தார்.

பலெர்மோவில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். பலருக்கு வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும்தான் பிழைப்பு. அரசின் மார்ச் 17 ஆணை, சுயதொழில் செய்வோருக்கு 600 யூரோ தந்தது. நிறுவன ஊழியர்களுக்கு ஊதிய மானியம் தந்து, அவர்களை வேலையிலிருந்து நீக்கத் தடை போட்டது. ஊதிய மானியம், பணிநீக்கத் தடை இரண்டிலும் வீட்டு வேலையாட்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கான உதவி மே 19 ஆணையில்தான் வந்தது: மாதம் 500 வீதம் இரண்டு மாதத்துக்கு 1,000 யூரோ. வாரம் 10 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் வேண்டும்; முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்குக் கிடையாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாதவருக்கு இந்த உதவியும் இல்லை. முடக்கம் தொடங்கி இந்த ஆணை வரும்வரை 70 நாள். அந்த நாட்களில் வாடகைக்கு வழி தெரியாமல் இருந்தவரின் தூக்கமின்மையை வெறும் நோயாகப் பார்க்க முடியாது.

ஆறுதல்

1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராகப் போற்றப்படும் புனித ரொசாலியாவின் மலைக்குகைக் கோவிலுக்குத் தமிழர்கள், கத்தோலிக்கரும் இந்துக்களும், பெல்லெக்ரினோ மலையேறிப் போவது வழக்கம். 2020 ஜூலையில் அந்தப் புனிதருக்கான 396ஆவது திருவிழா கூட்டமின்றிக் கழிந்தது. கூடி அழவும் கூடி வேண்டவும் இருந்த வாய்ப்பு அந்தத் திருவிழாவில் இல்லாமல் போனது.

உதவி

2022இல் இத்தாலி மனநல ஆலோசனைக்கு உதவித்தொகை அறிவித்தது. ஒரு அமர்வுக்கு 50 யூரோ. ஆளுக்கு அதிகபட்சம் 600, அதாவது 12 அமர்வு. முதலில் ஒதுக்கியது 1 கோடி யூரோ, பிறகு அது மொத்தம் 2.5 கோடியானது. விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 3.95 லட்சம். பெற்றவர் ஏறத்தாழ 41,600.

2.5 கோடியை 600 ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ இதே எண்தான் வரும். வருமானம் மிகக் குறைந்தவரிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்து, பணம் தீர்ந்த இடத்தில் பட்டியல் நின்றது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கேட்ட எல்லோருக்கும் 12 அமர்வு தந்திருந்தால் 23.7 கோடி யூரோ ஆகியிருக்கும். 2020இல் ஒரே அறிவிப்பில் உணவுக் கூப்பனுக்குக் கிடைத்ததோ 40 கோடி. பசிக்கு அவசரமாகத் திறந்த கஜானா மனத்துக்கு இரண்டு ஆண்டு தள்ளித் திறந்தது. அதுவும் கேட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு.