எல்லாரும் ஓகேவா... யாரும் வாய் திறக்கலையா?

குரூப் டிஸ்கஷன்ல எல்லாரும் தலையாட்டினா, உடனே 'வீ ஆர் ஆன் த சேம் பேஜ்'னு எடுத்து விடுறோம். அலுத்துப்போச்சு பாஸ்! 'தே அக்ரீட் டு எ மேன்'னு சொல்லிப் பாருங்க. ஒருத்தர் பாக்கியில்லாம ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். (லேடீஸ் ஹாஸ்டல்னா 'டு எ வுமன்'!) 'ஸீ ஐ டு ஐ' 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்லயே, ஏசாயா புத்தகத்துல இருக்கு.

சரி, ரெண்டு பேர் கம்முனு இருந்தா? அதுக்குத்தான் 'நெம் கான்'. லத்தீன் சுருக்கம், 'எதிர்த்துப் பேச ஆளில்லை'ன்னு பொருள். மீட்டிங் தீர்மானங்கள்ல அடிபடும். 'யுனானிமஸ்'னா எல்லாரும் சம்மதிக்கணும். 'நெம் கான்'ல வாய் மூடி இருந்தவங்களும் அடக்கம்.

டூர் ஊட்டிக்கான்னு ரெப் கேட்டப்போ மௌனமா இருந்த கடைசி பெஞ்சை, 'டு எ மேன்'ல சேர்த்துடாதீங்க. பணம் கேட்கிறப்போ தெரியும் சேதி!