காத்து மைவாடியில்... கணக்கு ஓடந்துறையில்!

பஞ்சாயத்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆலமரம், மேடை, பளபளவென்று ஒரு சொம்பு, முறுக்கு மீசை நாட்டாமை, தீர்ப்பு... எல்லாம் சினிமா புண்ணியம்! நிஜப் பஞ்சாயத்துத் தலைவருக்கு மாதா மாதம் வயிற்றைக் கலக்குவது தீர்ப்பு அல்ல. கரண்ட் பில்!

குடிதண்ணீர் மோட்டார் ஓட வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். இரண்டுக்கும் பணம் கட்டுவது பஞ்சாயத்து. ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்தால் ஜனங்கள் கைதட்டுவார்கள். மோட்டார் ஓட ஓட மீட்டரும் ஓடும் என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் உறைக்கும்.

மேட்டுப்பாளையம் பக்கத்தில், நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை. 1996-ல் அங்கே ஆர்.சண்முகம் பஞ்சாயத்துத் தலைவரானார். பவானி ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. பின்னாலேயே பில்லும் வந்தது. சில ஆயிரங்களில் இருந்த மாதக் கட்டணம் ஐந்து இலக்கத்துக்குத் தாவியது.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? 'மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை' என்று ஒரு ஃபைலைத் திறந்திருப்போம். ஓடந்துறைக்காரர்கள் பில்லைப் பிரித்துப் பார்த்தார்கள். எதற்கு எவ்வளவு போகிறது? எங்கே குறைக்கலாம்? முதலில் சில தெருக்களுக்குச் சூரிய விளக்கு. பிறகு 2003-ல், மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் சாதனம். அதெல்லாம் ஒத்திகை. அசல் நாடகம் 2006-ல்தான்.

அந்த வருஷம் பஞ்சாயத்து ஒரு காற்றாலையை வாங்கியது. திறன் 350 கிலோவாட். விலை ஒரு கோடியே 55 லட்சம். இதில் சொந்தச் சேமிப்பு 40 லட்சம். பாக்கி ஒரு கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்!

நான் ஒரு ஸ்கூட்டர் லோனுக்கு வங்கிக்கும் ஆபீஸுக்குமாகச் செருப்பு தேய நடந்தவன். ஒரு கிராமப் பஞ்சாயத்துக்குக் கோடி ரூபாய் கடன் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்த 40 லட்சத்தைப் பாருங்கள். மொத்த விலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல். கையில் பணம் வைத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் வங்கி நாற்காலி போடும்!

ஊரில் இல்லாத காத்தாடி

இப்போது ஒரு வேடிக்கை. ஓடந்துறை முழுக்கச் சுற்றினாலும் அந்தக் காற்றாலை உங்கள் கண்ணில் படாது. அது இருப்பது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில்!

ஏன் இந்த நாடு கடத்தல்? காற்றின் குணம் அப்படி. வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. நொடிக்கு 5 மீட்டர் அடிக்கும் இடத்துக்கும் 6 மீட்டர் அடிக்கும் இடத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மீட்டர்தான். சக்தியோ முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டக் கூடிவிடும். மாடியில் காயப்போட்ட லுங்கி பறக்கிறது என்பதற்காகக் காற்றாலை போட்டால், கடைசியில் நம் லுங்கியும் மிஞ்சாது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய மதில் சுவர் மாதிரி. அதில் பாலக்காட்டில் ஒரு கணவாய், அகலமான வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் புகுந்து வேகமெடுத்து, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வெளுத்து வாங்குகிறது. மைவாடி அந்தப் பாதையில் இருக்கிறது. ஓடந்துறையோ மலையின் மடியில்.

அப்படியானால் ஊருக்கு எப்படி மின்சாரம் வரும்? வர வேண்டாம்! மைவாடியில் உற்பத்தியாவது மின்வாரியத்தின் கம்பியில் கலந்துவிடும். யூனிட் கணக்கு மட்டும் ஓடந்துறை பெயரில் ஏறும். சென்னையில் பணம் கட்டி மதுரையில் எடுத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி!

இருபத்திரண்டு மார்க்

350 கிலோவாட் இயந்திரம் நாள் முழுக்க முழு மூச்சில் சுற்றினால் 8,400 யூனிட். வருஷத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல். ஆனால் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது ஆண்டுக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட். நூற்றுக்கு 22!

பரீட்சையில் இது ஃபெயில். காற்றாலைக்கு இது கௌரவமான பாஸ் மார்க். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். மார்கழியில் இறக்கை அசையாமல் நிற்கும் நாளும் உண்டு. பன்னிரண்டு மாதமும் ஆடி என்று நினைத்துத் திட்டம் போட்டவர்கள்தான் கவிழ்கிறார்கள்.

ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சம் விற்பனைக்கு. ஒரு யூனிட் மூன்று ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், மொத்த மின்சாரத்தின் மதிப்பு வருஷத்துக்கு 20 லட்சத்தை ஒட்டி வருகிறது. ஒரு கோடியே 15 லட்சத்தை ஏழு வருஷத்தில் அடைப்பது ஏற்பாடு. அசல் மட்டுமே வருஷம் 16 லட்சத்துக்கு மேல். வட்டி தனி. ஆக, அந்த ஏழு வருஷமும் காற்று உழைப்பது வங்கிக்கு. கடன் தீர்ந்த பிறகுதான் ஊருக்கு.

இந்த இடத்தில்தான் நான் மலைத்துப் போனேன். பஞ்சாயத்துத் தலைவரின் பதவிக்காலம் ஐந்து வருஷம். கடன் ஏழு வருஷம். பலனைத் தன் பதவியில் பார்க்க முடியாது என்று தெரிந்தே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்! சண்முகத்தின் இரண்டாவது முறை 2006-லேயே முடிந்தது. அடுத்துத் தலைவரானவர் அவருடைய மனைவி லிங்கம்மாள். 'அதானே பார்த்தேன்' என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் எத்தனை ஊரில் பழைய தலைவர் தொடங்கிய வேலையைப் புதியவர் தொட்டுப் பார்த்திருக்கிறார்?

"எங்க ஊர்லயும் போட்டுரலாமுங்களா?"

என் ஆபீஸில் பொள்ளாச்சிக்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டதும் டீயை அப்படியே வைத்துவிட்டார். "ஏனுங்க சார், எங்க ஊர்லயும் காத்து பிச்சிட்டுப் போகுதுங்க. ஒண்ணு போட்டுரலாமுங்களா?"

"போடலாம். முதலில் உங்கள் பஞ்சாயத்துக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஆகிறது?"

"அது... தெரியலீங்களே."

"கஜானாவில் எவ்வளவு இருக்கிறது?"

"அதையெல்லாம் யாருங்க கேக்கறது!"

காற்றாலை இங்கேயே நின்றுவிட்டது!

கேட்டுவிட்டால் அடுத்த படிகள் இருக்கின்றன. உயரக் கம்பம் நட்டு ஒரு வருஷமாவது காற்றை அளக்க வேண்டும். எல்லாப் பருவமும் பார்த்தால்தான் கணக்கு சரிப்படும். கிரேன் போக வழி உள்ள, வீடுகளை விட்டு விலகிய நிலம் வேண்டும். பக்கத்தில் துணை மின்நிலையம் வேண்டும். இல்லையென்றால் கம்பி இழுக்கிற செலவிலேயே கஜானா காலி. பராமரிப்புக்கு வருஷா வருஷம் தனிப் பணம் எடுத்து வைக்க வேண்டும். இறக்கை நின்றாலும் வங்கித் தவணை நிற்காது! இயந்திரத்தின் ஆயுள் பொதுவாக இருபது வருஷம். அதற்குப் பிறகு என்ன என்பதையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது புதிதாக நடுகிற இயந்திரங்கள் பெரும்பாலும் 2 மெகாவாட்டுக்கு மேல். ஒற்றைப் பஞ்சாயத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற சமாச்சாரம். நாலைந்து ஊர்கள் கூட்டாகச் சேரலாம். காற்று சுமாரான ஊரென்றால் சூரியத் தகடு போதும். ஓடந்துறையிடம் காப்பியடிக்க வேண்டியது இயந்திரத்தை அல்ல. அவர்கள் பில்லைப் பிரித்துப் பார்த்ததை!

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாட்களில் கிராம சபை கூடுகிறது. லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வழக்கமாக டி.வி. முன்னால் உட்காருகிற நாட்கள். அடுத்த தடவை ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தலைவரே, போன மாசம் நம்ம ஊர் கரண்ட் பில் எவ்வளவு?"