கட்டுமான வழக்குக்கு எந்த வக்கீல்?

கை எலும்பு முறிந்தால் பெயர்ப்பலகையில் எம்.எஸ். ஆர்த்தோ என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து உள்ளே போகலாம். வக்கீல் பலகையில் பி.எல். என்று இருக்கும், குடும்ப வழக்கா, கொலை வழக்கா, கட்டட ஒப்பந்த வழக்கா, எதில் அவர் தேர்ந்தவர் என்பது தெரியாது. இந்தியாவில் ‘கட்டுமான வழக்கறிஞர்’ என்று யாருக்கும் எந்த அமைப்பும் சான்று கொடுப்பதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கட்டுமானச் சட்டத்தில் தேர்வு வைத்து வழக்கறிஞர் சங்கமே சான்றளிக்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகளுக்கென்றே லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு தனிப் பிரிவு உண்டு. இங்கே வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. 2008-ல் அதைச் சற்றுத் தளர்த்தி, இணையத்தில் பெயர், தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்ற விவரங்களைப் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். அதுவும் அவரே சொல்லிக்கொள்வதுதான்.

எனவே விசாரித்து அறிவது கட்சிக்காரரின் வேலையாகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலைக்கு ஷெட் போட்டுக் கொடுத்தவர், காக்களூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர், தேர்வாய் கண்டிகையில் பெரிய கம்பெனிக்குக் கீழே சப்-கான்ட்ராக்ட் எடுத்தவர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்குச் சட்டப் பிரிவே தனியாக இருக்கும். இவர்களுக்கு நாற்பது லட்சம் நிலுவை நின்றால், தெரிந்த வக்கீல் என்று ஊரில் நிலத்தகராறு பார்த்துக் கொடுத்தவர்தான் நினைவுக்கு வருவார்.

படிப்பைப் பொறுத்தவரை எல்லோருக்கும் ஒரே பாதை. ஐந்தாண்டு அல்லது மூன்றாண்டு சட்டப் படிப்பு, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த பழைய அரசு சட்டக் கல்லூரி 2018-ல் இரண்டாகப் பிரிந்து இடம் மாறியபோது, ஒரு பாதி திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைப்பெரும்புதூருக்கே வந்தது. ஆனால் அங்கே படித்தாலும் வேறெங்கே படித்தாலும், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. அது சீனியரின் அலுவலகத்தில், கட்டுக் கட்டாகக் கோப்பு சுமந்து கற்கும் வேலை. ஆகவே எங்கே படித்தீர்கள் என்று கேட்பதைவிட, யாரிடம் ஜூனியராக இருந்தீர்கள், அங்கே என்ன வழக்குகள் நடந்தன என்று கேட்பது பலன் தரும். பொறியியல் முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டம் படித்து வந்தவர்களும் உண்டு. நல்ல கூடுதல் தகுதிதான். ஆனால் சைட் அனுபவமே இல்லாத பி.இ. பட்டத்துக்கு நான் அதிக மதிப்பெண் போட மாட்டேன்.

இந்தத் துறையின் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: தாமதம் யாரால்? நம் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தின் வேலை 2013-ல் தொடங்கியது. 500 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அது திறக்கப்பட்டது 2020 நவம்பரில். நிலம் எடுப்பதில் ஏற்பட்ட சிக்கல்கள் வேலையை இழுத்தன. இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் யாரோ ஒருவர் கூலி, டீசல், இயந்திர வாடகை கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் வழக்கு.

ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இங்கே கத்தி மாதிரி வேலை செய்யும். வேலை கொடுத்தவரால் தாமதமாகி, அவர் தரும் கூடுதல் அவகாசத்தை நீங்கள் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டால், அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடும். ‘நஷ்டஈடு கோரும் உரிமைக்குப் பாதகமின்றி இந்த அவகாசத்தை ஏற்கிறேன்’ என்று அன்றைக்கே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தேர்ந்த வக்கீல் உங்கள் கோப்பில் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். அடுத்து 74-ஆம் பிரிவு. எல்.டி., அதாவது ஒப்பந்தத்திலேயே எழுதிய தாமத இழப்பீடு, என்று சொல்லி பில்லில் பத்து சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்களே, அதற்கானது. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கிறது என்பதற்காகவே முழுவதையும் பிடித்துவிட முடியாது. இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடு கிடையாது என்று 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுவதே கடினமான வேலைகளில், முன்கூட்டி மதிப்பிட்டு எழுதிய நியாயமான தொகையை ஏற்கலாம் என்று 2003-ல் சா பைப்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் உங்கள் வழக்கு எங்கே நிற்கிறது என்று விளக்கத் தெரிந்தவரே உங்களுக்குத் தேவை.

காகிதம் என்றதும் வாட்ஸ்அப் நினைவுக்கு வரும். இன்று சைட்டில் பாதி உத்தரவு அதில்தான் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, அந்தச் செய்திகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க உரிய சான்றிதழ் வேண்டும். ஃபோனை மாற்றும்போது பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, எங்கே போவது என்ற கேள்வி. ஒரு வக்கீலின் அனுபவம் இதில்தான் வெளிச்சத்துக்கு வரும். கட்டுமான ஒப்பந்தத் தகராறுகளை 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் தன் வரையறைக்குள் நேரடியாகவே சேர்த்திருக்கிறது. முதலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்கே அது பொருந்தியது. 2018-ல் மூன்று லட்சமாகக் குறைத்தார்கள். எனவே நம் நாற்பது லட்சமும் அதற்குள் வந்துவிடும். ஊர் சிவில் வழக்கின் பழக்கம் அங்கே செல்லாது. அவசர நிவாரணம் எதுவும் கேட்காத வழக்கில், முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆவணங்களை வழக்கோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். எதிராளி சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் பதில் போடாவிட்டால் அவருடைய பதில் உரிமையே போய்விடும். 2019-ல் இதை உறுதிப்படுத்திய எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கும் ஒரு கட்டுமானத் தகராறுதான். பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ வாய்தா வாங்கிப் பழகிய கை அங்கே சறுக்கும். இன்னொன்று: சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக எடுக்கும் சிவில் வழக்குகள் சென்னை நகர எல்லையைச் சார்ந்தவை. ஆலை கும்மிடிப்பூண்டியில், ஒப்பந்தம் கையெழுத்தானது சென்னையில் என்றால் எந்த நீதிமன்றம் என்பதே முதல் சண்டையாகும்.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து, அதாவது ஆர்பிட்ரேஷன், இருந்தால் கதை வேறு. ‘எங்கள் எம்.டி. நியமிப்பவரே நடுவர்’ என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு தரப்பு மட்டுமே தனி நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கிலும், 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஷரத்து இருந்தும் எதிராளி ஒத்துவரவில்லை என்றால் உயர் நீதிமன்றம் நடுவரை நியமிக்கும். செலவையும் கணக்கிடலாம். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரு மாதிரி அளவு. அதன்படி நாற்பது லட்சக் கோரிக்கைக்கு நடுவர் கட்டணம் 1,57,500 ரூபாய். ஒரே நடுவர் என்றால் 25 சதவீதம் கூடுதலாகி 1,96,875. பொதுவாக இரு தரப்பும் பாதிப் பாதி கட்டுவார்கள்.

நடுவரின் தீர்ப்பு வந்த பிறகும் முடிவதில்லை. தோற்றவர் மூன்று மாதத்துக்குள், மிஞ்சினால் இன்னும் 30 நாளுக்குள், அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவில் எதிர்க்கலாம். நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாமே தவிரத் திருத்த முடியாது என்று 2021-ல் ஹக்கீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நில இழப்பீட்டு வழக்கு. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சில குறிப்பிட்ட சூழல்களில் திருத்தலாம் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. காயத்ரி பாலசாமி என்ற அந்த வழக்கும் சென்னையிலிருந்து போனதே. உங்கள் வக்கீலுக்கு இது தெரியுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்; துறையைத் தொடர்ந்து கவனிக்கிறாரா என்பது புரிந்துவிடும்.

சிறு நிறுவனங்களுக்கு மூன்றாவது ஒரு வழியும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். அதற்கான கவுன்சிலில் மனுப் போடலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சென்னை மண்டலக் கவுன்சில். அங்கே நீங்கள் ஜெயித்தால், எதிராளி 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றத்துக்குப் போக முடியும். ஆனால் இரண்டு முட்கள் இருக்கின்றன. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்ததா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. பொருளும் கூலியும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ‘கவுன்சிலில் போட்டால் கண்டிப்பாக வந்துவிடும்’ என்று உறுதி கூறும் வக்கீலிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. ‘ஜெயித்தால் இவ்வளவு சதவீதம் கொடுங்கள்’ என்று பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. அதேபோல், கட்டணப் பாக்கிக்காக உங்கள் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வக்கீலை மாற்ற வேண்டுமானால் தயங்க வேண்டாம்.

முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ஒர்க் ஆர்டர் எங்கே, கடைசி ஆர்.ஏ. பில் எந்தத் தேதி, எம்-புக்கில் யார் கையெழுத்து, ரிடென்ஷன் பணம் எவ்வளவு, பேங்க் கியாரண்டி எப்போது முடிகிறது, உங்களுடையது கூட்டாண்மை என்றால் அது பதிவானதா என்று வரிசையாகக் கேட்பவர் இந்த வேலை தெரிந்தவர். கடைசிக் கேள்வி முக்கியம். பதிவாகாத கூட்டாண்மை நிறுவனம் ஒப்பந்தப் பணத்துக்குச் சிவில் வழக்குப் போட முடியாது. நடுவர் மன்றத்துக்கு அந்தத் தடை இல்லை என்று 2016-ல் தீர்ப்பு உண்டு. ஒன்றும் கேட்காமல், ‘நோட்டீஸ் விட்டுடலாம் சார்’ என்று தொடங்குபவர் வேறு வழக்குகளில் கெட்டிக்காரராக இருக்கலாம்.

பணம் வர வேண்டியிருப்பவர்கள் வக்கீலைத் தேடுவதற்கு முன்பே ஒன்று செய்யுங்கள். கோப்பை எடுத்து, வேலை முடிந்த தேதியையும் பணம் தர வேண்டிய தேதியையும் பாருங்கள். பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று கம்பெனி அக்கவுண்ட்ஸில் சொல்லும் வாய்ச்சொல் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. நிலுவையை ஒப்புக்கொண்டு எழுத்தில், கையெழுத்தோடு, கெடு முடிவதற்குள் கொடுத்தால் நீளும். அந்தக் கடிதத்தை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.