படத்தில் வெளிச்சம், வீட்டில் இருட்டா?

இப்போதெல்லாம் வீடு கட்ட எஞ்சினீயரிடம் போனால், வானம் தோண்டுவதற்கு முன்பே கலர் படத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கூடம் தங்கமாய் ஜொலிக்கும். அடுக்களை மேடை பளபளக்கும். பார்த்ததும் "இதேதான் வேணும்" என்று தலையாட்டிவிடுகிறோம். அந்தப் படத்துக்குள் விளக்கேற்றியது யார், சூரியனை எந்தப் பக்கம் நிறுத்தினார்கள் என்று எந்தச் சகோதரியாவது கேட்டதுண்டா?

சிதம்பரத்தில் என் நாத்தனார் வீடு பழைய காலத்து வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் முற்றம். வெளிச்சமெல்லாம் அதன் வழியாகத்தான். பையன்களுக்கு மாடியில் ரூம் வேண்டும், முற்றத்தைத் தளம் போட்டு மூடிவிடலாம் என்று முடிவாகி, படமும் வந்துவிட்டது. கடலூரிலிருந்து நான் போயிருந்தபோது காட்டினாள்.

"பாருங்க அண்ணி, மூடினப்புறமும் கூடம் எவ்வளவு வெளிச்சமா இருக்கு!"

ஜன்னலும் இல்லை, மேலே திறப்பும் இல்லை. பிறகு எப்படி? எஞ்சினீயர் தம்பி லாப்டாப்போடு அங்கேயே இருந்தார். கேட்டுவிட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒண்ணு கூரைக்கடியில வச்சிருக்கேன்க்கா. படம் எடுப்பா வரணுமே!" என்று சிரித்தார். நல்ல பிள்ளை, மறைக்கவில்லை.

பிறகு அவர் காட்டியதெல்லாம் டி.வி. சீரியலைவிடச் சுவாரசியம். படத்துக்குள் முதல் விளக்கு சூரியன். ஊர், தேதி, மணி, வடக்கு எது என்று நான்கையும் சொன்னால்தான் அது சரியான இடத்தில் நிற்கும். ஊரைச் சொல்லாவிட்டால்? பலரும் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் பிறந்தது, 2000-ல் வெளிவந்தது. நாம் ஊரை மாற்றாதவரை போல்டர் வெயிலையே வரைந்து தரும். அங்கே உச்சிவேளைச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். கடலூர், சிதம்பரம் பக்கம் அப்படியில்லை. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 20 வாக்கில் நேர் உச்சி. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்கிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நம்பி அடுக்களையை வைத்தவர்கள் ஜூன் மாதக் காலையில் கண் கூசத் தோசை வார்க்கிறார்கள்!

அடுத்து மின்சார விளக்குகள். குண்டு பல்பு மாதிரி நாலா பக்கமும் சிந்துவது, டார்ச் மாதிரி குவிவது, டியூப் லைட் மாதிரி பரவுவது என்று ரகங்கள். இங்கே கவனிக்க வேண்டியது வாட் கணக்கை அல்ல, லூமன் கணக்கை. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்றைய 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறதே! நிறத்துக்குக் கெல்வின்: 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் வெள்ளை. கடையில் வாங்கப்போகும் விளக்கின் எண்களையே படத்திலும் போடச் சொல்லுங்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. காமிராவில் செய்வது போல எக்ஸ்போஷரைக் கூட்டினால் இருட்டறைகூட வெளுத்துவிடும்.

"அந்த மாய விளக்கை அணைச்சுட்டு, நம்ம ஊர் வெயில மட்டும் வச்சுக் காட்டுங்க தம்பி" என்றேன். ஜூன் 21, காலை 11 மணி. கூடம் கிணறு மாதிரி இருண்டுவிட்டது.

நாத்தனார் முகம் வாடிவிட்டது. "பட்டப்பகல்ல லைட் போடணுமா அண்ணி?"

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தபோது, இதே முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்துதான் அவள் மாமியார் அரிசி பொறுக்கினார். அந்த அம்மாளுக்கு இப்போது கண் பார்வை மட்டு. மூடிய கூடத்தில் ஒரு படி தட்டுப்பட்டால் போதுமே, இடுப்பெலும்புக்கு ஆபத்து.

தம்பி மறுநாளே வேறு படம் கொண்டுவந்தார். மாடி ரூம் பின்கட்டுக்கு மேலே போய்விட்டது. முற்றத்துக்கு மேல் கூரை இரண்டடி உயர்ந்து, நாலு பக்கமும் கம்பி வலையோடு திறப்பு. முழுக்கக் கண்ணாடி போடலாம் என்று நாத்தனார் ஆசைப்பட்டாள். சித்திரை வெயில் நேர் உச்சியிலிருந்து இறங்குமே, கூடம் அடுப்பாகிவிடும் என்று நான் தடுத்தேன். மாய விளக்கில்லாமலே அந்தப் படத்தில் கூடம் தெளிவாகத் தெரிந்தது. பளபளப்பு குறைவுதான்.

அடுக்களைப் படத்தில் மேடை முன்னால் ஓர் ஆள் உருவத்தை நிறுத்தச் சொன்னேன். விளக்கு உத்தரத்து நடுவில் இருந்ததால் நிழல் நேராகக் காய் நறுக்கும் பலகை மேல் விழுந்தது! அலமாரிக்கு அடியில் சின்னதாக ஒரு எல்.இ.டி. பட்டை வைத்ததும் நிழல் போய்விட்டது.

நீங்கள் படம் கேட்கும்போது மூன்றாகக் கேளுங்கள்: ஜூன் காலை ஒன்று, டிசம்பர் மாலை நாலு மணி ஒன்று, இரவில் வீட்டு விளக்கு மட்டும் எரிவது ஒன்று. நாத்தனார் வீட்டில் தளம் போட்டாயிற்று. ஐப்பசிச் சாரல் உள்ளே அடிக்கும் என்று அவள் வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார்; திறப்புக்கு வெளியே சரிவாகத் தகடு வைக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார்கள்.