நம்ம எம்.பி. என்ன செய்கிறார்? நாமே கண்டுபிடிப்பது எப்படி?



போன மாதம் சமூக அறிவியல் வகுப்பில் சார் நாடாளுமன்றம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்து, “நம்ம எம்.பி. டெல்லிக்கே போறதில்ல சார், எதுவும் கேக்குறதும் இல்ல” என்றேன்.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று சார் கேட்டார்.

“எல்லாரும் சொல்றாங்க சார்.”

“எல்லாரும்னா யாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பே சிரித்தது. டீக்கடையில் பேசியதை அப்பா வீட்டில் வந்து சொல்வார். அதைத்தான் நான் அப்படியே ஒப்பித்திருந்தேன். “சரி, நீயே தேடிப் பார்த்துட்டு சுவர் இதழுக்கு எழுது. யார் பேரும் போடக் கூடாது, கட்சி பேரும் போடக் கூடாது” என்றார் சார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எனக்குக் கோபம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்ம ஊர் ரயில்வே கேட் உங்கள் எல்லாருக்கும் தெரியும். காலையில் பாதிப் பேர் அங்கே நின்றுவிட்டுத்தான் பிரேயருக்கு லேட்டாக வருகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் ஆயாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோதும் அந்த கேட் மூடியிருந்தது. ஆயா இப்போது இல்லை. கேட்டால்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது என டாக்டர் சொன்னார். ஆனாலும் அங்கே மேம்பாலம் வரவில்லையே என்ற கோபம் எனக்குள் இருந்தது. ரயில்வே மத்திய அரசின் கையில் உள்ளது. அதனால் இதைக் கேட்க வேண்டியவர் எம்.பி.தான் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் லேபில் தேடியும், அக்காவின் உதவியோடு படித்தும் நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சபைக்கு வந்தாரா?

மக்களவையில் 543 தொகுதிகள். அதில் தமிழ்நாட்டுக்கு 39. சபை நடக்கும் நாட்களில் உறுப்பினர்கள் தங்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டும், நமக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான். அந்தப் பதிவு இருந்தால்தான் அன்றைய தினப்படி கிடைக்கும். தினப்படி 2,500 ரூபாய். மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய். இந்த இரண்டும் 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிடப்பட்டவை. மற்ற படிகள் தனி.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அமைச்சர்கள் இப்படி வருகையைப் பதிவு செய்வதில்லை. ஆகவே ஒரு அமைச்சருக்கு வருகைக் கணக்கு இல்லை என்றால் அவர் வரவில்லை என்று அர்த்தமில்லை. இன்னொன்று, வருகையைப் பதிவு செய்தவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்றும் அர்த்தமில்லை. பிரசென்ட் சொல்லிவிட்டு கிரவுண்டுக்கு ஓடுகிறவர்கள் நம்ம வகுப்பிலேயே இருக்கிறார்களே!

2. கேள்வி கேட்டாரா?

வழக்கமாகச் சபையின் முதல் ஒரு மணி நேரம், 11 மணி முதல் 12 மணி வரை, கேள்வி நேரம். கேள்விகளில் இரண்டு வகை முக்கியம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அவை ஒரு நாளைக்கு 230 வரை. எந்தக் கேள்வி முதலில் வரும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள்.

மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்தால் அவர் கேட்ட கேள்வி, வந்த பதில், சபையில் பேசிய பேச்சு எல்லாம் கிடைக்கிறது. 2005-இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பும் ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேள்விகள், விவாதங்களைத் தொகுத்துப் போடுகிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து மார்க் போடக்கூடாது. நூறு கேள்வி கேட்டவர் நம்ம தொகுதிக்காக ஒன்றுகூடக் கேட்காமல் இருக்கலாம், பத்தே கேட்டவர் பத்தையும் உருப்படியாகக் கேட்டிருக்கலாம். அதனால் கேள்வியைத் திறந்து படிக்க வேண்டும்.

3. எப்படி ஓட்டுப் போட்டார்?

இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு மசோதாவுக்கு நம்ம எம்.பி. ஆதரவா எதிர்ப்பா என்று தேடினேன். பல மசோதாக்களுக்குப் பதிவே இல்லை!

காரணம், பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. நம் சட்டசபையில் “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்பார்களே, அதே மாதிரிதான் அங்கேயும். சத்தத்தை வைத்துச் சபாநாயகர் முடிவு சொல்வார். யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று பெயர் எழுதுவதில்லை. யாராவது ஒரு உறுப்பினர் அதை ஏற்காமல் ‘டிவிஷன்’ கேட்டு, அது நடந்தால்தான் பெயர் வாரியாகப் பதிவாகும். அரசியல் சட்டத்தைத் திருத்தும் மசோதாவுக்குத் தனிப் பெரும்பான்மை தேவை என்பதால் அங்கே எண்ணியே ஆக வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு தரும் மசோதா 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு என்று நிறைவேறியது அப்படித்தான்.

ஒரு ஓட்டு என்ன பெரிசு என்று கேட்காதீர்கள். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269-க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது!

பதிவு இருந்தாலும் அது அவருடைய சொந்த முடிவு என்று சொல்லிவிட முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ எம்.பி. பதவியே போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். எனவே நம் நாட்டில் ஓட்டைவிட, கேள்வியும் பேச்சும்தான் ஓர் உறுப்பினரைப் பற்றி அதிகம் சொல்கின்றன என்பது என் கருத்து.

4. பணம் என்ன ஆனது?

எம்.பி.க்கு வருஷம் 5 கோடி கொடுக்கிறார்கள், அவர் பையில் போட்டுக்கொள்கிறார் என்று நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம் 1993-இல் வந்தது. 2011–12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கொரோனாவால் 2020 ஏப்ரலில் நிறுத்தி, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். இந்தப் பணம் எம்.பி. கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் பார்த்து அனுமதி கொடுத்துச் செய்யும். முடிந்த வேலையில் பலகை வைக்க வேண்டும். நம்ம புது வகுப்பறைக் கட்டடத்தின் படிக்கட்டுப் பக்கம் ஒரு பலகை இருக்கிறதே, அதில் சாய்ந்துதான் தினமும் அரட்டை அடிக்கிறோம், ஒரு நாளாவது படித்தோமா?

தேர்தல் செலவுக்கும் கணக்கு உண்டு. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று 2022-இல் உயர்த்தினார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். சொத்து, கடன், வழக்குகள், படிப்பு எல்லாவற்றையும் வேட்புமனுவோடு பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002, 2003-இல் கொடுத்த தீர்ப்புகளால் வந்த உரிமை இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

இல்லாத தகவலைக் கேட்டு வாங்க 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில்.

உங்களுக்குத் தெரியுமா?

பிரிட்டனில் டிவிஷன் நடந்தால் யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு வெளியிடுகிறார்கள். ஆனால் அங்கே செலவுக் கணக்கு மட்டும் மறைவாக இருந்தது. ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் போராடினார். 2009 மே மாதம் ‘டெய்லி டெலிகிராப்’ கணக்குகளை வெளியிட்டது. ஒரு எம்.பி. தன் குளத்து வாத்துக் கூண்டுக்கு 1,645 பவுண்டு கேட்டு எழுதியிருந்தாராம்! (அதைக் கொடுக்கவில்லை.) சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். இப்போது அங்கே ஒரு தனி அமைப்பு எல்லார் செலவையும் வெளியிடுகிறது.

நான் கண்டுபிடித்தது

சரி, நம்ம எம்.பி.? நான் வகுப்பில் சொன்னது தப்பு. அவர் டெல்லிக்குப் போகிறார், கேள்வியும் கேட்கிறார். நம்ம ரயில் பாதையில் உள்ள கேட்டுகளைப் பற்றி ஒரு முறை கேட்டிருக்கிறார். குறியிடாத கேள்வி. பதில் இரண்டே வரி: பரிசீலனையில் இருக்கிறது என்று. அதைப் படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கேட்கவே இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி வேறு கேள்வி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பரிசீலனை என்ன ஆச்சு என்று அவரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. நம்ம ஊரிலும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தப் பதில் வந்ததே நமக்குத் தெரியாது. ஆயாவோடு கேட்டில் நின்ற அன்றைக்கு அந்தப் பதில் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. தேதியைப் பார்த்து எண்ணினேன்.

அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, கடையில காட்டுறேன்” என்றார்.

தலைமையாசிரியர் அனுமதியோடு எங்கள் வகுப்பு எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. திட்டி எழுதவில்லை. அவர் கேட்ட கேள்வியின் எண், தேதி போட்டு, நன்றி சொல்லி, “அடுத்த கூட்டத்தொடரில் இதன் நிலை என்ன என்று மீண்டும் கேட்பீர்களா, ஐயா?” என்று கேட்டிருக்கிறோம். நகல் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இதே இடத்தில் ஒட்டுவோம்.

நண்பர்களே, நமக்கு இன்னும் ஓட்டு இல்லை. படிக்கக் கண் இருக்கிறது. அடுத்த தடவை “எம்.பி. ஒண்ணும் செய்யல” என்றோ “எல்லாம் செஞ்சுட்டாரு” என்றோ யாராவது சொன்னால், சார் என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்:

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

– 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி